அல்சைமர் மூளைக்குள் பரவுவதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

#1 மேகலா_ஈரோடு

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அடுப்பை அணைக்க மறப்பதில் ஆரம்பித்தது, இப்போது என் தங்கையைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். மூளைப் படம், பொட்டுக்கு உள்பக்கமாகச் சின்னதாய் ஒரு சிவப்பு. கீழே வருடங்கள் ஓட ஓட அந்தச் சிவப்பு மெல்ல மூளை முழுக்கப் பரவுகிறது. யாருக்கோ வருடா வருடம் எடுத்த ஸ்கேன் என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் அது ஸ்கேனே இல்லையாம், ஒரு சமன்பாட்டைக் கணினியில் தீர்த்து வரைந்த படமாம். செய்தவர்கள் இயந்திரப் பொறியியல், இயற்பியல் ஆட்கள்.

நான் பி.காம். படித்தவள், ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். இது நிஜமான அறிவியல்தானா? அப்படியென்றால் அம்மாவுக்கு அடுத்து எந்தப் பகுதி, எப்போது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

#2 கணினிச்சித்தன்

மேகலா அக்கா, நான் ஜெர்மனியில் கணிப்பு இயந்திரவியலில் ஆய்வு செய்கிறேன். என் வேலை வேறு மென்திசுக்களில்தான், ஆனால் இந்த மாதிரிகளோடு பழக்கம் உண்டு. நிஜமான அறிவியல்தான். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஸ்டான்ஃபோர்டின் எலன் கூல், ஆக்ஸ்ஃபோர்டின் அலன் கொரியெலி ஆகியோரின் குழுக்கள் 2018, 2019 வாக்கில் செய்த வகைப் படமாக இருக்கும்.

கதை அங்கே தொடங்கவில்லை. 1991-ல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற ஜெர்மானியத் தம்பதி, இறந்தவர்களின் 83 மூளைகளை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். டாவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு நரம்பணுக்களுக்குள் முடிச்சாகக் கிடப்பது அல்சைமரின் அடையாளங்களில் ஒன்று. அந்த முடிச்சுகள் கண்ட இடத்தில் வருவதில்லை, ஒரு வரிசையில் வருகின்றன என்று அவர்கள் கண்டார்கள். முதலில் பொட்டு மடலின் உட்பக்கம் என்டோரைனல் புறணியை ஒட்டிய பகுதி, பிறகு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பக்கம், கடைசியில் மேற்புறணி முழுக்க. மொத்தம் ஆறு நிலைகள். இன்றைக்கும் மருத்துவர்கள் ‘பிராக் நிலை’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஏன் அந்த வரிசை? மடங்கித் தவறான வடிவம் எடுத்த ஒரு டாவ், பக்கத்தில் இருக்கும் நல்ல டாவையும் தன் வடிவத்துக்கு இழுக்கிறது. பிரையான் நோய்களில் (மாட்டுப் பைத்திய நோய் போன்றவை) புரதம் செய்வதைப் போன்ற வேலை. (பயப்பட வேண்டாம், அல்சைமர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அம்மா சாப்பிட்ட தட்டில் தாராளமாகச் சாப்பிடலாம்.) அந்தக் கெட்ட டாவ் நரம்பு நார்களின் வழியே அடுத்த பகுதிக்குப் போகிறது. அதாவது இரண்டு செயல்: ஒன்று நகர்வது, இன்னொன்று பெருகுவது.

இந்த இரண்டையும் சேர்த்து எழுதும் சமன்பாடு 1937-லேயே இருக்கிறது. ஒரு சாதகமான மரபணு மக்கள்கூட்டத்தில் எப்படிப் பரவும் என்று இங்கிலாந்தில் ஃபிஷரும், அதே வருடம் ரஷ்யாவில் கொல்மகோரோவ் குழுவும் எழுதியது. தமிழில் சொன்னால்:

ஓர் இடத்தில் கெட்ட டாவ் மாறும் வேகம் = அக்கம்பக்கத்திலிருந்து வந்தது − போனது + (பெருக்க வீதம் × இருக்கும் அளவு × மிச்சம் உள்ள இடம்)

அவ்வளவுதான். மூளையை 83 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கும் எந்தப் பகுதிக்கும் எத்தனை நார்க் கட்டு ஓடுகிறது என்று எம்.ஆர்.ஐ.யிலிருந்து எடுத்த வரைபடத்தை வைத்து, என்டோரைனலில் ஒரு துளி விதை போட்டால் கணினி மீதியைச் செய்துவிடும். சூப்பர் கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாம், லேப்டாப்பில் சில விநாடி. பிராக்கின் வரிசைக்கு நெருக்கமான ஒன்று தானாக வெளியே வரும்.

(83 மூளை, 83 பகுதி: இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கும் முதலில் குழப்பம் வந்தது.)

#3 மதகுக்காரர்

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம். மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி எழுதியதைப் படித்ததும், இதை நான் ஏரிகளில் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

எங்கள் பக்கம் ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கால்வாயில் இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆகாயத்தாமரை ஒரு கண்மாயில் விழுந்தால் என்ன ஆகும்? அதே கண்மாயில் பெருகும். கொஞ்சம் தண்ணீரோடு மிதந்து அடுத்ததுக்குப் போகும். ஒரு வரப்பு தள்ளி இருக்கும் கண்மாய்க்குக் கால்வாய் இல்லையென்றால் வராது, ஏழு மைல் தள்ளி இருந்தும் கால்வாய் இருந்தால் வந்துவிடும். சரிதானா தம்பி?

சரி என்றால் என் கேள்வி இது. மேல் கண்மாயில் தாமரையைப் பார்த்ததும் நாங்கள் முதலில் ஷட்டரை இறக்கச் சொல்வோம். சில நேரம் பலன் இருக்கும். சில நேரம் ஷட்டரை இறக்கியும் கீழ்க் கண்மாய் மூன்று மாதத்தில் பச்சையாகிவிடும், ஏனென்றால் பத்துச் செடி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் சமன்பாடு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுமா?

#4 கணினிச்சித்தன்

ஐயா, கால் மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறையின் முக்கியமான கேள்வியே இதுதான். ‘மிச்சம் உள்ள இடம்’ என்று நான் எழுதியதும் உங்கள் கண்மாய்தான். நிறைந்துவிட்டால் அங்கே பெருக இடமில்லை.

பதிலும் ஓரளவுக்கு இருக்கிறது. 2021-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, இறந்தவர்களின் மூளைத் திசுவில் எண்ணிய டாவ் விதைகள் (மற்ற டாவையும் கெடுக்கக்கூடிய கெட்ட டாவ்), உயிரோடு இருப்பவர்களின் பெட் ஸ்கேன் (கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் படம்) என்று பல வகைத் தரவுகளை ஒரே கணக்கில் போட்டுப் பார்த்தது. பிராக் மூன்றாம் நிலைக்கு மேல், மேற்புறணியில் மொத்த வேகத்தை நிர்ணயிப்பது பகுதிவிட்டுப் பகுதி தாவுவது இல்லை, அந்தந்த இடத்திலேயே பெருகுவதுதான் என்று கண்டார்கள். விதை இரட்டிப்பாக ஏறக்குறைய 5 வருடம்.

அதாவது அந்த நிலையில் பத்துச் செடி ஏற்கெனவே எல்லாக் கண்மாயிலும் இருக்கிறது. ஷட்டரை இறக்கிப் பெரிய பலன் இல்லை.

#5 மேகலா_ஈரோடு

ஐயா, உங்கள் கண்மாய்க் கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. 5 வருடம் என்பதைக் கூட்டுவட்டி மாதிரி போட்டுப் பார்த்தேன். 20 வருடத்தில் நான்கு இரட்டிப்பு, 16 மடங்கு. இரட்டிப்பை 10 வருடமாக இழுத்தால் அதே 20 வருடத்தில் 4 மடங்குதான். மெதுவாக்கினாலே இவ்வளவு வித்தியாசமா?

#6 டாக்டர்_நா

நான் மதுரையில் நரம்பியல் மருத்துவர். மேகலா மேடம், உங்கள் வட்டிக் கணக்கு சரி. ஆனால் அது மூளையில் கிடக்கும் புரதத்தின் அளவு. புரதம் பாதியாவதும் அம்மாவின் ஞாபகம் இரண்டு மடங்காவதும் ஒன்றில்லை. லெகானமாப் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது டாவ் மருந்து இல்லை, அல்சைமரில் சேரும் இன்னொரு புரதமான அமிலாய்டுக்கான மருந்து. ஸ்கேனில் அமிலாய்டு பளிச்சென்று குறைந்தது. 18 மாதத்தில் நோயாளியின் சரிவு 27% மெதுவானது, மறதி நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி. வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

கணினிச்சித்தன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். அணுக்களுக்கு வெளியே மிதக்கும் டாவைப் பிடித்து, அது அடுத்த அணுவுக்குப் போகாமல் தடுக்கலாம் என்று சில எதிர்ப்பொருள் மருந்துகள் செய்தார்கள். ஷட்டர் மருந்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோசுரனமாப், செமோரினமாப் மாதிரி. 2020, 2021-ல் வந்த சோதனை முடிவுகள் ஏமாற்றம்தான். காரணம் பல இருக்கலாம், மருந்து டாவின் தவறான நுனியைப் பிடித்தது என்றும் சொல்கிறார்கள். ஆனால் மதகுக்காரர் ஐயா சொன்ன காரணமும் பட்டியலில் உண்டு.

இந்தக் கணக்குகள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. காணொளிகள்மேல் இல்லை. அழகான சிவப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, “டாக்டர், எங்கப்பாவுக்கு இப்ப எந்த வருஷம் ஓடுது?” என்று கேட்கிறார்கள்.

#7 மூலிகை_உலகம்

வல்லாரை + பிரம்மி சூரணம் 48 நாள். மறதி ஓடிவிடும். விவரத்துக்கு (இணைப்பு நீக்கப்பட்டது)

#8 மட்டுறுத்துநர்

#7-ன் விளம்பர இணைப்பு நீக்கப்பட்டது. அடுத்த முறை கணக்கே நீக்கப்படும். வல்லாரைத் துவையலுக்கு எதிராக எங்களுக்கு ஒன்றுமில்லை.

#9 மதகுக்காரர்

தம்பி, இன்னும் சில சந்தேகம். நாங்கள் கால்வாய் வரைபடம் இல்லாமல் ஒரு வேலையும் தொடுவதில்லை. உங்கள் கால்வாய் வரைபடம் யாருடைய மூளையிலிருந்து எடுத்தது? நோயாளி மூளையா? நார் இருக்கிறது என்று தெரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியுமா?

#10 கணினிச்சித்தன்

மாட்டிக்கொண்டேன் ஐயா.

பரவலாகப் பயன்படும் வரைபடம் அமெரிக்காவின் மனித கனெக்டோம் (மூளை நார் இணைப்பு வரைபடம்) திட்டத்திலிருந்து வருகிறது. 2019 ஆய்வில் 418 பேரின் சராசரி. அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் 22 முதல் 35 வயதுக்குள் ஆரோக்கியமான ஆட்கள். அதில்தான் 70 வயது மூளையின் நோயை ஓட்டுகிறோம். புதிதாகத் தூர்வாரிய கால்வாய் வரைபடத்தில் முப்பது வருடம் மண் அடைந்த ஏரியைக் கணக்குப் போடுகிற மாதிரி.

திசையும் தெரியாது. நீர் மூலக்கூறுகள் நார் நெடுக எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் அசைவதை வைத்து எம்.ஆர்.ஐ. நாரின் போக்கை ஊகிக்கிறது. ஈரோட்டிலிருந்து கரூருக்கு ரோடு இருக்கிறது என்று தெரியும், ஒருவழியா இருவழியா என்று தெரியாது. அதனால் கணக்கில் இரண்டு பக்கமும் சமம் என்று வைத்துவிடுகிறோம்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குச் சாதகம். 2012-ல் ஆஷிஷ் ராஜ் குழு பெருக்கத்தையே விட்டுவிட்டு வெறும் பரவலை மட்டும் வைத்து ஒரு கணக்கு செய்தது. வீணைத் தந்திக்கு அதற்கென்று சில அதிர்வு வடிவங்கள் இருக்கிற மாதிரி ஒரு வலைக்கும் உண்டு. தந்தியை எங்கே மீட்டினாலும் அந்த வடிவங்களின் கலவைதான் வரும். மூளை வலையில் மெதுவாகக் கரையும் சில வடிவங்கள், அல்சைமரிலும் நெற்றி-பொட்டு மடல் மறதி நோயிலும் சாதாரண முதுமையிலும் மூளை தேயும் இடங்களோடு நன்றாக ஒத்துப்போயின. தோராயமான வரைபடத்திலும் இது வருகிறது என்றால், வலையின் அமைப்புக்கு ஏதோ பங்கு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

#11 டாக்டர்_நா

பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே பாதை இல்லை. 2021-ல் 1,612 பேரின் டாவ் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்ததில் நான்கு வேறு வேறு பாதைகள் கிடைத்தன. பாடப்புத்தகப் பாதை அதில் ஒன்றுதான். என்னிடம் வரும் சிலருக்கு ஞாபகம் ஓரளவு இருக்கும், ஆனால் எதிரே இருக்கும் டம்ளரை எடுக்கக் கை தடவும். மூளையின் பின்பக்கத்தில் தொடங்கியவர்கள். இன்னொன்று, வயதானவர் மூளையில் டாவ் தனியாக வருவதே அபூர்வம். சின்ன ரத்தக்குழாய் அடைப்பு, அமிலாய்டு, சிலருக்குப் பார்கின்சனில் வரும் புரதம், எல்லாம் கலந்துதான். ஒரு புரதத்துக்கு ஒரு சமன்பாடு என்பது ஆய்வகத்துக்குச் சரி.

டாவ் பெட் ஸ்கேனும் எளிதில்லை. அதில் ஏற்றும் கதிரியக்க ஃப்ளோரின் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்தில் இருந்தால்தான் கதை நடக்கும்.

#12 சுந்தர்69

இந்த இழையில் ஒரு சொந்தக் கதை சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74-ல் மறதி. ஆனால் அதற்கு முன்பே நடை போய்விட்டது. காலைத் தூக்க மாட்டார், தரையில் பசை போட்டு ஒட்டியது மாதிரி தேய்த்துத் தேய்த்து வைப்பார். திரும்பும்போது ஏழெட்டு அடி வைத்துத் திரும்புவார். பிறகு சிறுநீர் அடக்க முடியவில்லை. நாங்கள் பார்த்த முதல் மருத்துவர் “வயசாச்சு, டிமென்ஷியா, மாத்திரை போடுங்க” என்று அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

வேறொரு இடத்தில் ஒரு இளம் டாக்டர் அப்பா உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே எழுந்து நின்றுவிட்டார். ஸ்கேனில் மூளைக்கு நடுவில் நீர் இருக்கும் அறைகள் பெரிதாக இருந்தன. முதுகில் ஊசி போட்டு 40 மில்லி நீர் எடுத்தார்கள். அதற்கு முன் வராந்தாவில் பத்து மீட்டர் நடக்கவிட்டு ஸ்டாப்வாட்ச்: 31 விநாடி. எடுத்து மூன்று மணி நேரம் கழித்து அதே பத்து மீட்டர்: 17 விநாடி. அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பிறகு தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய், நடுவில் வால்வு. வெளியிலிருந்து காந்தம் வைத்து வால்வின் அழுத்தத்தை மாற்றுகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்தக் காந்தம் அமைப்பைக் கலைத்துவிடலாம் என்பதால் முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நடை தொண்ணூறு சதவீதம் திரும்பியது. ஞாபகம் பாதி.

இதில் இயற்பியல் எங்கே என்று கேட்டால், இதைக் கண்டுபிடித்ததே இயற்பியலை வைத்துத்தான் என்று அந்த டாக்டர் சொன்னார். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

#13 கணினிச்சித்தன்

அண்ணா, அந்த டாக்டர் சொன்னது சரி. அப்பாவுக்கு வந்தது ‘இயல்பு அழுத்த நீர்மூளை’ (normal pressure hydrocephalus) போலிருக்கிறது. அதை விளக்கியவர் கொலம்பியாவின் பொகோட்டாவில் இருந்த சலமோன் ஹக்கீம் என்ற மூளை அறுவை மருத்துவர். மூளை அறைகள் வீங்கியிருக்கின்றன, ஆனால் நீரின் அழுத்தத்தை அளந்தால் இயல்பு. அழுத்தமே இல்லாமல் எப்படி வீங்கும் என்பது புதிர். ஹக்கீம் எட்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போனார்: விசை = அழுத்தம் × பரப்பு. அறை ஒருமுறை பெரிதாகிவிட்டால் அதே அழுத்தம் கூடுதல் பரப்பில் கூடுதல் விசையாக அழுத்தும். நீரியல் அழுத்தியின் பெரிய பிஸ்டன் மாதிரி. 1965-ல் ரேமண்ட் ஆடம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து எழுதினார். அந்த வகை சரிசெய்யும் வால்வை உருவாக்கியதில் பொறியாளரான அவர் மகன் கார்லோஸுக்குப் பங்கு உண்டு.

இன்றைக்கு அந்த விளக்கம் முழுதும் போதாது என்கிறார்கள். மூளை திடமான பிஸ்டன் இல்லை, நீர் ஊறிய பஞ்சு. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் நீர் உள்ளே வெளியே போகிறது. அதனால் இப்போது பஞ்சு மாதிரி துளையுள்ள மீள்பொருளாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆனாலும் ஒரு தப்பான புதிரைச் சரியான கேள்வியாக மாற்றியது அந்த எளிய பெருக்கல்தான்.

#14 டாக்டர்_நா

சுந்தர் சார், உங்கள் பதிவைப் படிப்பவர்களுக்காக: நடை, சிறுநீர், மறதி மூன்றும் சேர்ந்து வந்தால், அதிலும் நடை முதலில் கெட்டிருந்தால், இந்த நீர்மூளையாக இருக்குமா என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. அல்சைமர் என்று முத்திரை குத்தும் முன் இதெல்லாம் பார்த்திருக்க வேண்டும். மேகலா மேடம், அம்மாவுக்குப் பார்த்தார்களா?

#15 மேகலா_ஈரோடு

பார்த்தார்கள் டாக்டர். பி12, தைராய்டு சரி. நடை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் பிரச்சினை, போன மாதம் கதவைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டார்.

இன்னொரு சந்தேகம். ராத்திரி அம்மா தூங்குவதில்லை. தூக்கத்தில்தான் மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது, தூங்காவிட்டால் அழுக்கு சேரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதுவும் இந்த இயற்பியல்தானா?

#16 கணினிச்சித்தன்

அது நல்ல சண்டை அக்கா, இன்னும் முடியவில்லை.

மூளை அணுக்களுக்கு இடையே இருக்கும் சந்து, மொத்தக் கன அளவில் ஏறக்குறைய 20%. அந்தச் சந்தில் ஒரு சின்னப் புரதம் வெறும் விரவலால் (தண்ணீரில் மை தானாகப் பரவுகிற மாதிரி) நகர்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? தண்ணீரில் அதன் விரவல் எண்ணை எடுத்து, சந்து வளைந்து வளைந்து போவதற்காக இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் போக மூன்றரை மணி நேரம். ஒரு சென்டிமீட்டர் போக முப்பத்தைந்து மணி நேரம் என்றுதானே தோன்றும்? இல்லை. விரவலில் தூரத்தின் வர்க்கத்துக்கு நேரம் ஏறும். 15 நாள் ஆகும். இவ்வளவு மெதுவாக இருந்தால் மூளை எப்படிக் கழிவை வெளியேற்றும், ஆகவே ஏதோ நீரோட்டம் அடித்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு கட்சி. எலிகளில் தூக்கத்தில் இந்தச் சந்து 60% விரிகிறது என்று 2013-ல் ஒரு ஆய்வு வந்து பெரிய பேச்சானது.

இயற்பியல் ஆட்கள் குறுக்கே வந்தார்கள். 2017-ல் ஓஸ்லோ குழு, மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த உண்மையான மூளைத் திசுவின் முப்பரிமாண வடிவத்தில் நீரை ஓட்டிப் பார்த்தது. சந்து அவ்வளவு குறுகல், எதிர்பார்க்கக்கூடிய அழுத்த வித்தியாசத்தில் நீர் ஓடுவது அற்பம், உள்ளே விரவல்தான் முதலாளி என்று வந்தது. ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஓட்டம் இருக்கலாம், அது வேறு. 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, எலிகளில் தூக்கத்தின்போது வெளியேற்றம் குறைகிறது என்றே அளந்து சொன்னது. நேர் எதிர். அதனால் அம்மா தூங்காததால்தான் நோய் ஏறுகிறது என்று நினைத்து உங்களை நீங்களே வறுத்துக்கொள்ள வேண்டாம்.

#17 ரொறன்ரோ_குமரன்

வணக்கம், வாசித்துக்கொண்டே வந்தேன். என்ரை மகன் இங்கே ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான், பதினாலு வயது. தலையில அடிபட்டால் பிறகு மறதி நோய் வரும் என்று கதைக்கினம். அதிலும் உங்கட ஆட்கள் ஏதும் செய்திருக்கினமோ?

#18 கணினிச்சித்தன்

ஓம் அண்ணா, என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சுத்தமான வேலை அதில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களின் மூளையில் டாவ் ஒரு விசித்திரமான இடத்தில் சேர்கிறது: மூளை மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி. 2017-ல் இம்பீரியல் கல்லூரியில் மடிப்புகளோடு கூடிய மூளை மாதிரி செய்து மோதவிட்டார்கள். இழுவிசையால் திசு அதிகம் நீள்வது எங்கே என்று பார்த்தால் அதே அடிப்பள்ளம். மடிப்பில்லாத வழவழ மூளையாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. பேப்பரை மடித்தால் மடிப்புக்கோட்டில்தானே கிழியும்.

மகனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அடிபட்டால் அன்றைக்கே திரும்ப விளையாட விடாதீர்கள் என்பதை மட்டும் டாக்டர்களே சொல்வார்கள்.

#19 மதகுக்காரர்

மூளை எவ்வளவு இறுக்கம் தம்பி? மண் என்றால் நாங்கள் குத்திப் பார்ப்போம்.

#20 கணினிச்சித்தன்

நுங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மண்டைக்குள் நீரில் மிதப்பதால்தான் தன் எடையில் தானே நசுங்காமல் இருக்கிறது. 1,400 கிராம் மூளை அந்த நீரில் ஏறக்குறைய 50 கிராம்தான் கனக்கும்.

குத்தாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. தலையணை மாதிரி ஒன்றை வைத்துத் தலையை மெதுவாக அதிரவிட்டு, உள்ளே போகும் அலையை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிப்பது. அலை மெதுவாகப் போனால் திசு மெத்து. 1995-ல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த அந்த முதல் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை! மாணவனாக நூலகத்தில் அதைப் பார்த்த அன்று காரணமில்லாத சந்தோஷம். 2009-ல் பெர்லினில் 18 முதல் 88 வயது வரை 55 பேரை இப்படி அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கே வருடத்துக்கு 0.8% மெத்தாகிக்கொண்டு போகிறது.

#21 இளம்பரிதி_பிஎஸ்சி

அண்ணா, நான் திருச்சியில் இயற்பியல் இறுதியாண்டு. இதெல்லாம் நம்ம ஊரில் யாராவது செய்கிறார்களா?

#22 கணினிச்சித்தன்

சென்னை ஐ.ஐ.டி.யில் ஸ்ரீனிவாச சக்ரவர்த்தி பல வருடமாகப் பார்கின்சன் நோயில் பேசல் கேங்கிலியா (மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி) எப்படித் தடுமாறுகிறது என்று கணிப்பு மாதிரிகள் செய்கிறார். அதே வளாகத்தில் மூளையை நுண்துண்டுகளாக்கிப் படமெடுக்கும் மையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 துண்டுகளாக வெளியிட்டார்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டக் கிராமங்களில் முதியவர்களை வருடக் கணக்கில் தொடர்ந்து பார்க்கிறது. யாருடைய மூளை வரைபடம் என்று ஐயா கேட்டாரே, அதற்கு நம் ஊர்ப் பதில் அங்கிருந்து வரலாம். இந்தியாவில் 60 வயதுக்கு மேல் 7.4% பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் என்று ஒரு தேசியக் கணக்கு சொல்கிறது. வேலை கிடக்கிறது.

முதலில் 83 பகுதிக் கணக்கைப் பைத்தானில் நீயே எழுதிப் பார். நாற்பது வரி. என் கோப்பை இங்கே இணைக்கிறேன்.

#23 மேகலா_ஈரோடு

அந்தக் கோப்பைத் தம்பி பையனை வைத்துக்கொண்டு நானும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு எண்கள்தான் திருப்ப வேண்டியவை, பரவல், பெருக்கம். பரவலைக் கூட்டிப் பெருக்கத்தைக் குறைத்து ஒன்று, பரவலைக் குறைத்துப் பெருக்கத்தைக் கூட்டி ஒன்று. நெற்றிப் பக்கத்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தோம். முதல் சில வருடம் ஒரே கோடு மாதிரிதான் இருக்கிறது, பிறகு தனித்தனியாகப் பிரிந்து போகின்றன. அம்மாவுக்கு இருப்பதோ இரண்டு எம்.ஆர்.ஐ., பதினோரு மாத இடைவெளியில். இரண்டு ரசீதை வைத்துக்கொண்டு வருடக் கணக்கை முடிக்கச் சொன்னால் நான் முடிப்பேனா? என் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டாக்டர், இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

படம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பூசணிக்கா அழுகிருச்சு, தூக்கிப் போடு” என்றார்.

#24 டாக்டர்_நா

அந்த ஸ்கேன் காசில் முன்கதவுக்கு மேலே, அம்மா கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். வளையலில் உங்கள் போன் நம்பரைப் பொறித்துவிடுங்கள். பேப்பரில் எழுதிக் கொடுத்தால் எடுத்து எறிந்துவிடுவார்.

#25 மதகுக்காரர்

தம்பி, நீங்கள் இணைத்த கோப்பு என் கணினியில் திறக்கவில்லை. ஏதோ ஒரு வரியில் பிழை என்கிறது. பேத்தி வந்து பார்த்து, பைத்தான் பழைய பதிப்பு என்கிறாள். ஷட்டரை பத்தாவது வருடத்தில் இறக்கினால் என்ன, இருபதாவதில் இறக்கினால் என்ன என்று போட்டுப் பார்க்க வேண்டும். வழி சொல்லவும்.